எடை குறையும்வரை இடுப்பு வலியைச் சுமக்கத்தான் வேண்டுமா?

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் பவர் டேபிளில் தைக்கும் 41 வயது வாசகி எழுதிய நீண்ட கடிதம் இது. பெயரையும் நிறுவனத்தையும் நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய உயரம் 156 செ.மீ., எடை 78 கிலோ. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன். 12 ஆண்டுகளுக்கு முன் இரண்டாவது பிரசவத்தின்போது ஏறிய 14 கிலோ இன்றுவரை இறங்கவில்லை. கீழ்முதுகு வலி தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. காலையில் எழும்போது விறைப்பாகவும், மாலை ஷிப்ட் முடியும் நேரத்தில் இடது பிட்டம் வரை இறங்கும் கனமாகவும் அது இருக்கிறது. வலி முழங்காலுக்குக் கீழே போவதில்லை, கால் மரத்துப்போவதும் இல்லை. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'எல்4–எல்5 டிஸ்க் பிதுக்கம்' (கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் வட்டு பிதுங்கியிருப்பது) என்று எழுதியிருக்கிறது. ஒரு மருத்துவர், "15 கிலோ குறைத்துவிட்டு வாருங்கள், அதுவரை மருந்தால் பயனில்லை" என்று அனுப்பிவிட்டார். இன்னோர் இடத்தில் ஆபரேஷன் வரை பேச்சு போனது. பிரசவத்தில் முதுகில் போட்ட ஊசிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது மாமியாரின் முடிவு. தரையில் படுத்தால் சரியாகிவிடும் என்பது கணவரின் யோசனை. வாசகி இரண்டு மாதம் காலை உணவை விட்டு, இரவில் கொள்ளுக் கஞ்சி மட்டும் குடித்து 5 கிலோ குறைத்தார். வலி குறையவில்லை, அடுத்த சில மாதங்களில் 6 கிலோ திரும்பி வந்துவிட்டது. இப்போது இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு தைக்கிறார், தாங்க முடியாத நாட்களில் மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிப் போடுகிறார். "நான் குண்டாக இருப்பதுதான் தப்பா டாக்டர்? எடை குறையும்வரை இந்த வலியோடுதான் இருக்கணுமா? வேலையை விட்டுவிடவா? எடை குறைக்கிற ஊசி வந்திருக்கிறதாமே, அதைப் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வலியில் எடைக்குப் பங்கு உண்டு, ஆனால் முழுப்பங்கும் எடைக்கு இல்லை. எடை குறைந்த பிறகுதான் முதுகுக்கு வைத்தியம் என்பது தவறான வரிசை. இரண்டையும் ஒரே நாளில் தொடங்கலாம், தொடங்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு வலிதான் முதலில் குறையத் தொடங்கும், தராசு முள் பிறகுதான் நகரும்.

இப்படி நான் உறுதியாகச் சொல்ல உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியே காரணம்: "மூன்று வருஷத்துக்கு முன்னாடி வரை செக்கிங்கில் இருந்தேன், டெய்லர் ஆனதும் சம்பளம் கூடியது." எடை ஏறியது 12 ஆண்டுகளுக்கு முன். அதே எடையோடு ஒன்பது ஆண்டுகள் நின்றும் நடந்தும் செக்கிங் வேலை பார்த்தபோது உங்களுக்கு இடுப்பு வலி இல்லை. பவர் டேபிளில் உட்கார்ந்த பிறகுதான் வலி வந்தது. எடை உங்கள் முதுகின் தாங்கும் திறனை ஏற்கெனவே குறைத்து வைத்திருந்தது. நாளெல்லாம் குனிந்து உட்காரும் வேலை மிச்சத்தையும் தீர்த்தது என்பதே என் கணிப்பு. உங்களைப் பார்த்த மருத்துவர்கள் எடையைக் கேட்டிருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் என்ன மாறியது என்று யாரும் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

எடை முதுகை என்ன செய்கிறது

உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீடு, 32. நம் நாட்டில் 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் உடல் பருமன் என்று கணக்கிடுகிறோம். நம்மவர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் இயல்பு அதிகம் என்பதால் மேலை நாடுகளைவிட அளவுகோல் இங்கே கடுமையாக இருக்கிறது. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. முதுகைப் பொறுத்தவரை தராசு காட்டும் எண்ணோடு அந்த எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம்.

பிள்ளைகள் ஏறி விளையாடும் சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். முதுகெலும்பு அதன் நடுத்தாங்கி. பின்னால் இருந்து உடலை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள் அந்தத் தாங்கியிலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவில்தான் இருக்கின்றன. முன்னால் வயிற்றில் சேரும் கொழுப்போ 20 செ.மீ. வரை தள்ளி இருக்கிறது. எனவே வயிற்றில் கூடுதலாக இருக்கும் 10 கிலோவைச் சமன்படுத்தப் பின்தசைகள் 40 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். நடுவில் இருக்கும் டிஸ்க் இரண்டையும் சேர்த்து 50 கிலோவைத் தாங்க வேண்டும். இது நேராக நிற்கும்போது உள்ள தோராயக் கணக்கு. முன்னால் குனியக் குனிய வயிறு மட்டுமல்ல, தலையும் தோளும் கைகளும் தாங்கியை விட்டு முன்னால் தள்ளிப்போகின்றன. 1960களில் ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளந்தபோது, முன்சாய்ந்து உட்காரும் நிலையில் அழுத்தம் நிற்பதைவிட அதிகமாக இருந்தது. நீங்கள் ஷிப்ட் முழுக்க இருப்பது அந்த நிலையில்தான்.

பாரம் ஒரு பக்கம் இருக்க, வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடக்கும் பொருளும் அல்ல. அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களை அது ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. இவை வலியை உணரும் நரம்புகளைக் கூர்மையாக்குகின்றன என்றே இன்று கருதுகிறோம். உடல் பாரம் நேரடியாக அழுத்தாத கைவிரல் மூட்டுகளிலும் பருமன் உள்ளவர்களுக்குத் தேய்மானம் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு விளக்கம்.

ஆயினும் இந்தத் தொடர்பை அளவுக்கு மீறிப் பெரிதாக்கக் கூடாது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், உடல் பருமன் உள்ளவர்களுக்கு இடுப்பு வலி இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல், அவ்வளவுதான். உங்கள் வரிசையிலேயே ஒல்லியான டெய்லர்கள் எத்தனை பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்கள் என்று பாருங்கள். டிஸ்க் தேய்மானத்தில் பரம்பரைக்குப் பெரும்பங்கு இருப்பதை ஃபின்லாந்தில் இரட்டையர்களை வைத்து நடந்த நீண்ட ஆய்வு காட்டியது. உலக அளவில் நோய்ச்சுமையைக் கணக்கிடுபவர்கள் இடுப்பு வலிக்குத் தவிர்க்கக்கூடிய காரணங்களாக மூன்றைக் குறிப்பிடுகிறார்கள்: வேலையின் பளுவும் நிலையும், புகைபிடித்தல், அதிக எடை. மூன்றில் இரண்டு உங்களிடம் உள்ளன.

உங்கள் "தப்பா" என்ற கேள்விக்கு என் பதில் இல்லை என்பதே. வலி இருப்பதால் அசைவு குறைகிறது, அசைவு குறைவதால் எடை ஏறுகிறது, எடை ஏறுவதால் வலி கூடுகிறது. இந்தச் சுழலுக்குள் இருப்பவரிடம் எடையைக் குறைத்துவிட்டு வா என்று மட்டும் சொல்லி அனுப்புவது வைத்தியம் ஆகாது. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் இதை அடிக்கடி செய்கிறோம்.

முழங்காலுக்கு இந்தக் கணக்கு தெளிவாக இருக்கிறது: உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மூட்டின் மேல் ஏறத்தாழ 4 கிலோ பாரம் குறைவதாக அளந்திருக்கிறார்கள். முதுகுக்கு அப்படி நேரான கணக்கு கிடையாது. ஆகவே நீங்கள் 5 கிலோ குறைத்தும் வலி குறையாததில் வியப்பில்லை. பட்டினியில் குறைந்த 5 கிலோவில் கொழுப்போடு தசையும் போயிருக்கும். திரும்பி வந்த 6 கிலோவில் பெரும்பகுதி கொழுப்பாகத்தான் இருக்கும். முதுகைத் தாங்க வேண்டிய தசையை இழந்து, அது தாங்க வேண்டிய பாரத்தைக் கூட்டிக்கொண்டீர்கள்.

ஸ்கேன், பிரசவ ஊசி, ஆபரேஷன்

'பிதுக்கம்' என்று அறிக்கையில் பார்த்ததும் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்திருக்கிறீர்கள். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் 40 வயதுக்காரர்களில் 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானமும் 50 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கமும் இருந்தன. அதாவது உங்கள் வயதில் வலி இல்லாமல் நடமாடும் இருவரைப் பிடித்து எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஒருவருக்கு உங்கள் அறிக்கையில் இருக்கும் அதே வார்த்தை இருக்கும். தலைமுடி நரைப்பதைப் பார்த்து யாரும் ஆபரேஷனுக்குப் போவதில்லை. வலி காலின் கீழ்வரை இறங்கி, மரத்துப்போதலோ பலவீனமோ இருந்து, அது ஸ்கேனில் தெரியும் இடத்தோடு பொருந்தி, ஆறு வாரங்களுக்கு மேல் மற்ற சிகிச்சைக்கு அடங்காதபோதுதான் அறுவை சிகிச்சை பேச்சுக்கு இடம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் அதற்கு இப்போது தேவை இல்லை. யாராவது மீண்டும் வற்புறுத்தினால், ஆபரேஷனில் ஆர்வமில்லாத இன்னொருவரின் கருத்தையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மாமியார் சொல்வதைத் தமிழ்நாட்டில் பாதிப் பெண்கள் நம்புகிறார்கள். சிசேரியனுக்குப் போடும் ஊசி மிக மெல்லியது. தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் அது போடப்படுகிறது, மருந்தின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஊசி போட்ட இடத்தில் சில நாள் நோவு இருக்கலாம். பிரசவ வலியைக் குறைக்க முதுகில் ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பின்தொடர்ந்த ஆய்வுகளில் நீண்டகால முதுகு வலியில் வேறுபாடு தென்படவில்லை. உங்கள் விஷயத்தில் ஊசிக்கும் வலிக்கும் நடுவே ஒன்பது ஆண்டு இடைவெளி வேறு இருக்கிறது. மாமியாரிடம் இதை வாதாடி நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் "ஊசி போட்ட முதுகு, இனி சரியாகாது" என்ற எண்ணத்தை மட்டும் உங்கள் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தரையில் படுப்பதால் தனிப் பலன் எதுவும் இல்லை; இறுக்கமான மெத்தையைவிட நடுத்தர உறுதியுள்ள மெத்தையே மேல் என்று ஒரு ஸ்பெயின் ஆய்வு காட்டியது. பெல்ட்டையும் மெல்ல விட்டுவிடுங்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், பெல்ட்டையும் இடுப்பை இழுத்து விடும் டிராக்‌ஷனையும் வழக்கமான சிகிச்சையாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சியையும் வலியைப் பற்றிய சரியான விளக்கத்தையும் பரிந்துரைக்கிறது.

செட் மாத்திரை

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது எடையோ டிஸ்க்கோ அல்ல, இதுதான். பெயர் தெரியாமல் கவரில் மடித்துத் தரும் நாலைந்து மாத்திரைகளில் டைக்ளோபினாக் போன்ற வலிநிவாரணி பெரும்பாலும் இருக்கும். அதைத் தொடர்ந்து போட்டால் வயிற்றில் புண், ரத்த அழுத்த உயர்வு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை வரலாம். கூடவே ஸ்டீராய்டு மாத்திரை சேர்த்துத் தருவதும் உண்டு. அது போட்ட அன்று வலி மாயமாக மறையும், பசி கூடும். நாளடைவில் எடையும் சர்க்கரையும் ஏறும், எலும்பு மெலியும். எடையைக் குறைக்கப் போராடிக்கொண்டே எடையைக் கூட்டும் மருந்தை நீங்கள் விழுங்கிக்கொண்டிருக்கலாம். அந்தக் கவரைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். வாரக்கணக்கில் தொடர்ந்து போட்டிருந்தால் நீங்களாகத் திடீரென நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டு இருந்தால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின், தைராய்டு ஆகிய பரிசோதனைகளையும் அப்போதே செய்துகொள்ளுங்கள்.

முதுகுக்கு இன்றே செய்யக்கூடியவை

முதலில் தையல் மெஷினுக்கு வருவோம். ஊசிக்கு அடியில் துணி நகர்வதைப் பார்க்கக் கழுத்தும் முதுகும் வளைகின்றன. வலது கால் பெடலில் இருப்பதால் உடல் ஒருபக்கமாகச் சாய்கிறது. அடுத்த பீஸை எடுக்க இடப்பக்கம் தரையில் கிடக்கும் துணிக்கட்டை நோக்கித் திரும்பிக்கொண்டே குனிகிறீர்கள். இந்தக் கடைசி அசைவு, திரும்புவதும் குனிவதும் ஒன்றாகச் சேருவது, முதுகுக்கு ஆகாதது. துணிக்கட்டை ஒரு ஸ்டூலின் மேல், மேசை உயரத்துக்கு வையுங்கள். பெடலை எட்டிப்பிடிக்க வேண்டிய தூரத்தில் வைக்காமல் பக்கத்தில் இழுத்துக்கொள்ளுங்கள். உட்காரும்போது இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்கட்டும். பெஞ்சு தாழ்வாக இருந்தால் உறுதியான திண்டு ஒன்று போதும். பீஸ் ரேட்டில் தைப்பவரிடம் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள் என்று சொல்வது எளிது, செய்வது கடினம் என்பது தெரியும். அதனால் ஒரு கட்டு முடியும்போதெல்லாம் எழுந்து நின்று, கைகளை இடுப்பில் வைத்து நாலைந்து முறை பின்னால் வளைந்துவிட்டு உட்காருங்கள். அரை நிமிடம் போதும்.

அடுத்தது நடை. வலி இருக்கும்போது நடந்தால் டிஸ்க் இன்னும் பிதுங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள், அது சரியல்ல. இடுப்பு வலியிலிருந்து அண்மையில் மீண்ட 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடத்தி 2024இல் வெளியிட்ட சோதனையில், ஆலோசனையோடு படிப்படியாக நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு வலி மீண்டும் வர ஆன காலத்தின் நடுமதிப்பு 208 நாள். எதுவும் செய்யாதவர்களுக்கு 112 நாள். உங்களுக்கு வலி இன்னும் இருக்கிறது, எனவே அந்த எண்கள் அப்படியே உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் நடை முதுகைக் கெடுப்பதில்லை என்பதற்கு அது போதுமான சான்று. முதல் வாரம் பத்து நிமிடம், பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் நடங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், அரை மணி நேரம் என்ற அளவை எட்ட மூன்று நான்கு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். நடந்த அன்று இரவு வலி சிறிது கூடி மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் கவலை இல்லை. மறுநாளும் நீடித்தால் அளவை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். இதோடு, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் உயர்த்தி இறக்கும் பயிற்சியையும், கைகால்களை ஊன்றி நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டும் பயிற்சியையும் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். வீடியோ பார்த்துத் தொடங்க வேண்டாம்.

எடைக்கு எவ்வளவு, எப்படி

15 கிலோ என்ற எண்ணை மறந்துவிடுங்கள். முதல் இலக்கு 4 கிலோ, அதாவது உங்கள் எடையில் 5 சதவீதம். காலம் மூன்று மாதம். கொள்ளு நல்ல புரதம் உள்ள பயறு, சுண்டலாகச் சாப்பிடுங்கள். 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியை நம்பி அதை மட்டும் குடித்தால் கொழுப்பு கரையாது. காலை உணவை விடுவதால் பதினொரு மணி டீயோடு பன்னும் வர்க்கியும்தான் உள்ளே போகின்றன. நாளைக்கு ஐந்து டீ குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். டீக்கு இரண்டு ஸ்பூன் என்று வைத்தால் 50 கிராம் சர்க்கரை, 200 கலோரி. வேறெதையும் தொடாமல் இதை முதலில் குறையுங்கள். காலையில் இட்லியோடு ஒரு முட்டை, மதியம் சோற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பும் காயும், இரவில் உறங்கப்போவதற்கு இரண்டு மணி நேரம் முன் சாப்பாடு. இவ்வளவு போதும், பட்டினி வேண்டாம்.

மவுன்ஜாரோ, வெகோவி போன்ற ஊசிகள் 2025 முதல் இந்தியாவில் கிடைக்கின்றன. எடையைக் குறைக்கின்றன என்பதில் ஐயமில்லை. பருமனோடு முழங்கால் தேய்மானமும் உள்ளவர்களுக்கு வெகோவியின் மருந்து வலியைக் குறைத்ததாக 2024இல் ஒரு சோதனை காட்டியது. இடுப்பு வலிக்காக மட்டும் இவற்றைப் போட நான் பரிந்துரைக்க மாட்டேன். பரிசோதனையில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கூடியிருந்தால் பொதுமருத்துவரிடம் பேசிப் பார்க்கலாம். மருந்தை நிறுத்தினால் எடை திரும்பும் என்பதையும் மாதச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வேலையை விடலாமா

இப்போது வேண்டாம். வீட்டில் உட்கார்ந்தால் நடமாட்டமும் வருமானமும் சேர்ந்தே குறையும். மீண்டும் செக்கிங்குக்குப் போக முடியுமா, அல்லது வாரத்தில் சில நாள் மாற்றி மாற்றிப் பார்க்க முடியுமா என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். சம்பளம் சற்றுக் குறைந்தாலும் மூன்று மாதம் முயன்று பார்க்கத் தகுந்தது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மேலே சொன்ன பரிசோதனைகள், மருந்து, பிசியோதெரபி அனைத்துக்கும் இ.எஸ்.ஐ. மருந்தகத்தையும் மருத்துவமனையையும் நாடலாம். வலி முற்றி ஓய்வு தேவை என்று அங்குள்ள மருத்துவர் சான்று தந்தால், உரிய ஆறு மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்கும் பட்சத்தில், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் உதவித்தொகையாகக் கிடைக்கும். விடுப்பு எடுத்தாலும் படுத்தே இருக்காதீர்கள்; ஓரிரு நாளுக்கு மேல் படுக்கை ஓய்வு இடுப்பு வலியை நீட்டிக்கும்.

இனி, தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள். பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் கழிக்க முடியாமை அல்லது மலம் தன்னறியாமல் வெளியேறுதல், இரண்டு கால்களிலும் பலவீனம் ஆகியவற்றில் எது வந்தாலும் காலைவரை காத்திராமல் அன்றே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பாதத்தைத் தூக்க முடியாமல் நடக்கும்போது விரல் தட்டினாலும் அன்றே காட்டிவிடுங்கள். மாலைக் காய்ச்சலோடு முதுகு வலி, முயற்சி செய்யாமலே எடை குறைதல், இரவில் படுத்தாலும் அடங்காத வலி ஆகியவை இருந்தால் அந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள். நம் ஊரில் முதுகெலும்புக் காசநோய் இன்னும் இருக்கிறது. எடை குறைகிறதே என்று அப்போது மகிழ்ந்துவிடாதீர்கள்.